ஞாயிறு வண்டியும் சந்தை வண்டியும்

கேள்வி: "எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். அதில் அரை ஏக்கர் மல்லிகை. இரண்டு கறவை மாடுகள். என் மாமனார் ஓட்டிய பழைய புல்லட்டைத்தான் என் வீட்டுக்காரர் இன்னும் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் சாக்கை விரித்து, வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். சனிக்கிழமை வரை நன்றாக ஓடிய வண்டியைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்து மாட்டினார். திங்கள் விடியக்காலை ஆறு கிலோ பூவோடு நடுவழியில் நின்றுவிட்டது. மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி விலைக்குத்தான் எடுத்தார்கள். விற்றுவிடலாம் என்றால், 'அது அப்பா வண்டி' என்று பேச்சையே முடித்துவிடுகிறார். விற்கச் சொல்வது தப்பா?"

- ஒரு வாசகி, நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: விற்கச் சொல்வது தப்பில்லை. ஆனால் விற்காமலேயே இந்தச் சிக்கலைத் தீர்க்க வழி இருக்கிறது. அதற்கு முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியை அல்ல, ஆசையையும் தேவையையும்.

இரண்டும் வேறு வேறு

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருக்கு ஓட்டுவதில் ஆசை. சாவி, கிக்கர், சாலை, அந்தச் சத்தம் இருந்தால் போதும். இன்னொருவருக்குப் பிரித்து மாட்டுவதில் ஆசை. தேய்ந்துபோன ஒரு பாகத்தைக் கண்டுபிடித்து, மாற்றி, திரும்ப மாட்டி, ஒரே உதையில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்போது வரும் நிம்மதி அவருக்குப் பெரிது. பயிர் பிழைத்துக்கொண்டதைப் பார்க்கும் விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும்.

இந்த வாசகியின் கணவர் இரண்டாவது வகை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாக்கில் உட்கார்ந்து ஸ்பேனர் பிடிப்பது, வேறு பல பழக்கங்களை விட எவ்வளவோ மேல். சிக்கல் எங்கே என்றால், அவருடைய ஆசைக்கும் குடும்பத்தின் தேவைக்கும் ஒரே வண்டிதான் இருக்கிறது. பூ காத்திருக்காது. விடியுமுன் பறித்த மொட்டு, வெயில் ஏற ஏற விரிந்து மதிப்பு இழக்கும். பாலும் அப்படித்தான். சொசைட்டியில் பால் எடுக்கும் நேரம் தவறினால் கேனோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வண்டி ஏன் நின்றது?

நன்றாக ஓடிய வண்டி, பிரித்து மாட்டிய மறுநாள் நின்றது தற்செயல் அல்ல. கார்புரேட்டரைக் கழற்றினால் நடக்கக்கூடியது என்ன என்று பார்ப்போம். பழைய டேங்கின் அடியில் துருத்தூள் படிந்திருக்கும். பெட்ரோல் குழாயை உருவி மாட்டும்போது அந்தத் தூள் அசைந்து கார்புரேட்டருக்குள் இறங்கும். ஜெட்டின் துளை ஊசி முனையை விடச் சிறியது. ஒரு துரும்பு போதும், வண்டி நின்றுவிடும். வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் இது தெரியாது. பாரத்தோடு நாலு மைல் போன பிறகுதான் தெரியும்.

சிலர் அந்த ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்கிறார்கள். ஜெட் பித்தளை. கம்பி பட்டால் துளை பெரிதாகும். பெட்ரோல் கூடுதலாக இறங்கும், பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். பிறகு அதைச் சரிசெய்ய இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். காற்றை ஊதியோ பெட்ரோலில் ஊறவைத்தோதான் ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதே கதைதான் மற்ற பாகங்களுக்கும். இன்ஜின் மூடிகள் அலுமினியம், திருகுகள் இரும்பு. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் மரை கொஞ்சம் தேய்கிறது. ஒருமுறை அழுந்திய கேஸ்கெட் இரண்டாம் முறை சரியாக ஒட்டாது. ஆயில் கசியும். கசிவைப் பார்த்தவுடன் திரும்பவும் பிரிக்கத் தோன்றும். இப்படியே ஒன்று இன்னொன்றைக் கொண்டுவரும்.

அடிக்கடி பாருங்கள், அரிதாகத் தொடுங்கள்

பூச்சி மேலாண்மையில் 'பொருளாதாரச் சேதநிலை' என்று ஒரு கணக்கு உண்டு. நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டவுடனே மருந்தடிக்கச் சொல்வதில்லை. வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகள் சேதமானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறோம். அதுவரை வயலில் இறங்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பூச்சியைக் கண்டாலும் தெளிப்பவருடைய வயலில், நன்மை செய்யும் பூச்சிகளும் செத்து, தொல்லை கூடத்தான் செய்கிறது.

வண்டிக்கும் இதுவே சரியான முறை. பார்ப்பது தினமும் நடக்க வேண்டும். தொடுவது, தேவை இருந்தால் மட்டும். பராமரிப்பு என்றால் பிரிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகப் பராமரிக்கப்படும் வண்டியைப் பிரிக்க வேண்டிய அவசியமே அதிகம் வருவதில்லை.

தினமும் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டியவை:

• வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் சொட்டு இருக்கிறதா? நேற்றைவிடக் கூடியிருக்கிறதா?

• டயரில் காற்று, முள், வெடிப்பு.

• முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா? இரண்டாவது கேள்வி, பிரேக் விளக்கு எரிகிறதா?

• ஹெட்லைட். விடியுமுன் கிளம்புபவருக்கு இது கட்டாயம். கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் பின் விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

• செயின். வயல் வரப்பில் போய் வந்த சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் துணியால் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

மாதம் ஒருமுறை ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில், களத்துமேட்டுத் தூசியில் வண்டி ஓடினால் வாரம் ஒருமுறை. பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாக விழும், இழுவை குறையும். இதை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் மூடிவிட வேண்டும். சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடாமல் மூடுவதும் ஒரு வேலைதான். பிரிப்பதில் ஆசை உள்ளவருக்கு அதுதான் கஷ்டமான வேலை.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால்

ஆசை இருக்கிறது, வண்டியும் பழசு. பிரிக்காமல் இருக்க முடியாது. அப்படியானால் ஐந்து கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, காரணத்தை நோட்டில் எழுதிவிட்டுப் பிரிக்க வேண்டும். 'சும்மா பார்க்கலாம்' என்பது காரணம் ஆகாது.

இரண்டு, ஒரு நாளில் ஒரே ஒரு பாகம். கார்புரேட்டரையும் பாயின்ட்டையும் ஒரே நாளில் தொட்டால், பிறகு வரும் கோளாறு எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று, காலையில் தொடங்கி மதியத்துக்குள் மாட்டிவிட வேண்டும். மாலையில் பாரத்தோடு 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை முடியாத வண்டியில் பூ ஏற்றக் கூடாது. புது ரக விதையை முதல் வருடமே முழு வயலிலும் விதைப்பதில்லையே, ஒரு மூலையில் போட்டுத்தானே பார்க்கிறோம்.

நான்கு, இடம். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, அடுப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றக் கூடாது. பீடி, சிகரெட் அறவே கூடாது. மூடிய அறைக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவும் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆளை மயக்கிச் சாய்த்த பிறகுதான் தெரியும்.

ஐந்து, பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதக் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது.

வீட்டில் யார் யார் ஓட்ட முடியும்?

கடிதத்தில் கேட்காத கேள்வி இது. ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியமானது.

புல்லட் 1955-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய வண்டி. திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய புல்லட்டுகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றிலும் இது நேர்மாறு. மற்ற வண்டி ஓட்டிப் பழகிய மகனோ மைத்துனரோ அவசரத்தில் இதை எடுத்தால், பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள். ஸ்டார்ட் செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து, இன்ஜினைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு உதைக்க வேண்டும். தவறாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் பிசகும்.

வீட்டுக்காரர் ஒருவரால் மட்டுமே ஸ்டார்ட் செய்ய முடிகிற வண்டியைக் குடும்ப வண்டி என்று சொல்ல முடியாது. அவர் வெளியூர் போயிருக்கும் நாளில், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? அவருக்கே நெஞ்சு வலித்தால் யார் ஓட்டுவது? உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஆனால் பால், பூ, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று தினசரி ஓட்டத்துக்கு, வீட்டில் இரண்டு பேராவது ஓட்டத் தெரிந்த வண்டி தேவை.

சந்தை வண்டிக்கு என்ன வழி?

முதல் வழி, இன்னொரு வண்டி. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல், கிராமத்துப் பாரத்தைச் சுமந்தது மொபெட்தான். 2015-க்குப் பிறகு வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டது. அதில் பெட்ரோலோடு ஆயில் கலக்கும் வேலை இல்லை. கியர் இல்லாததால் இந்த வாசகியும் சீக்கிரம் பழகி, உரிமம் எடுத்து ஓட்டலாம். பழைய வண்டி வாங்கினால் மூன்றைக் கவனிக்க வேண்டும். விடியக்காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டப்போகிறவரே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும், வயதான டயர் வெடிப்பு விட்டிருக்கும்.

இரண்டாவது வழி, கூட்டாக அனுப்புவது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால், ஒரு லோடு ஆட்டோவில் பூவை அனுப்பிவிடலாம். வாடகையைக் கிலோ கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். முறை வைத்து ஒருவர் கூடப் போனால் எடைக்கும் விலைக்கும் சாட்சி இருக்கும்.

இரண்டுக்கும் இப்போதைக்கு வழியில்லை, புல்லட்தான் போக வேண்டும் என்றால், பூ போகும் நாட்களுக்கு முந்தைய நாள் ஸ்பேனரைத் தொடுவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். வண்டியில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், டார்ச் லைட் எப்போதும் இருக்க வேண்டும். பழைய ஓட்டுநர்கள் கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளை இழுத்துக் கட்டி வைத்திருப்பார்கள். அறுந்தால் முனையை மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். வழியில் வரும் கோளாறை முன்கூட்டியே நினைத்து வைக்கும் இந்தக் குணம்தான் பராமரிப்பின் சாரம்.

கணக்கு நோட்டு ஒன்று

வாய்ப்பேச்சில் இது முடியாது. 'உங்க வண்டியாலதான் நஷ்டம்' என்பார் ஒருவர், 'ஒரு நாள் நின்னதுக்கு இவ்வளவா' என்பார் இன்னொருவர். அதனால் ஒரு நோட்டுப் போடலாம். பிரித்த தேதி, காரணம், வாங்கிய பாகம், செலவு, வண்டி நின்ற நாள், அன்று பூவிலோ பாலிலோ குறைந்த பணம். ஆறு மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், இன்னொரு வண்டி வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். பாகத்துக்குச் செய்த செலவை மட்டும் எழுதி, பூவில் போன பணத்தை எழுதாமல் விட்டால் அது பாதிக் கணக்குதான்.

கைத்திறன் வீணாக வேண்டாம்

அவருடைய கையில் ஒரு தொழில் இருக்கிறது என்பதை வாசகியும் பார்க்க வேண்டும். முதுகில் சுமக்கும் பவர் ஸ்பிரேயர்களில் பலவற்றிலும், களை வெட்டும் பிரஷ் கட்டரிலும் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். அதிலும் இதே பிளக், இதே கார்புரேட்டர், இதே ஏர் ஃபில்டர். மருந்தடிக்கும் நேரத்தில் ஸ்பிரேயர் கிளம்பாமல் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை புல்லட்டுக்கும், மற்றவற்றை இந்தக் கருவிகளுக்கும் ஒதுக்கினால், ஆசையும் தீரும், கையில் நாலு காசும் பார்க்கலாம். மருந்து டேங்கைக் கழுவிய பிறகுதான் ஸ்பிரேயரைத் தொட வேண்டும், கையுறை போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வண்டி யார் பேரில் இருக்கிறது?

'அப்பா வண்டி' என்று சொல்லும் பல வீடுகளில், ஆர்.சி. இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-ல் வாரிசு பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்திருந்தாலும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு போய்க் கேட்டு மாற்றிக்கொள்வது நல்லது. மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். அது இல்லாத வண்டி ஒருவர் மேல் மோதினால், இழப்பீட்டை உரிமையாளர் கைப்பணத்தில்தான் கொடுக்க வேண்டும். மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் அதற்கே போய்விடலாம். இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் அக்கறையில் பாதி, இந்தக் காகிதங்களைப் பிரித்துப் பார்ப்பதிலும் இருக்க வேண்டும்.

ஆக, விற்க வேண்டாம். அப்பாவின் வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். கோயிலுக்கும் குலதெய்வத்துக்கும் இருவரும் அதிலேயே போய் வரட்டும். திங்கள் விடியக்காலைக்கு, யார் உதைத்தாலும் கிளம்பும் ஒரு வண்டி நிற்கட்டும்.

குறுங்கேள்விகள்

பழைய வண்டிக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாமா?

இப்போது பங்க்குகளில் கிடைப்பதே எத்தனால் கலந்ததுதான். கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர் போன்றவை சீக்கிரம் ஊறி இளகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்ரோல் குழாயைப் பார்த்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்ற வேண்டும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு. அதற்காக கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம்.

15 வருடம் ஆன மோட்டார் சைக்கிளை ஓட்டலாமா?

ஓட்டலாம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அது முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டித் தகுதி பெற்றால், ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். காப்பீடும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதியோ ஏ.பி.எஸ். வசதியோ கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. ஈரச் சாலையில் வேகத்தைக் குறைத்து, முன் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டுக்கும் ஸ்பிரேயருக்கும் ஆயிலைக் கண் அளவில் கலக்கலாமா?

கூடாது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் கறுத்து, சைலன்சரில் கரி அடையும். அந்தந்தக் கையேட்டில் எத்தனை மில்லி என்று இருக்கிறதோ, அதை அளவு மூடியில் எடுத்துக் கலக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு எடுத்த மூடியை இதற்கும், இதற்கு எடுத்ததை மருந்துக்கும் எடுக்கக் கூடாது.